கேள்வி நேரம்: மணியார்டர் தவறினால் யார் பொறுப்பு, கீதை மேல் சத்தியம் எந்தச் சட்டத்தில்?

கே: டிரங்குப் பெட்டியைக் குடைந்தபோது தாத்தா வீட்டுக்கு வந்த மணியார்டர் கூப்பன்கள் ஒரு கட்டு கிடைத்தன. பாதிக்கு மேல் ரங்கூனிலிருந்து வந்தவை. வெளிநாட்டுப் பணம் அந்தக் காலத்தில் இவ்வளவு சுலபமாக வந்ததா?
– ஒரு வாசகி, காரைக்குடி

ப: தேதியைப் பாருங்கள். 1937 ஏப்ரலுக்கு முந்தியது என்றால் அது வெளிநாட்டுப் பணமே இல்லை. அதுவரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம்தானே, ரங்கூனில் கட்டினாலும் மதுரையில் கட்டினாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது உள்நாட்டு மணியார்டர்.

தபால் துறை இந்த வேலையைக் கையில் எடுத்தது 1880 ஜனவரி 1 அன்று. அதற்கு முன்னால் அரசுக் கருவூலங்கள்தான் பணம் அனுப்பும் சீட்டுகளைக் கொடுத்துக்கொண்டிருந்தன. கருவூலம் எல்லா ஊரிலும் இருக்காது, தபாலாபீஸ் இருக்கும். மாற்றத்துக்குக் காரணம் அவ்வளவுதான். உங்களிடம் இருப்பது ஃபாரத்திலிருந்து கிழித்துக் கொடுக்கும் துண்டு, பணம் வாங்கியவரிடமே நின்றுவிடும். கையெழுத்துப் போட்ட இன்னொரு துண்டு, அதாவது ஒப்புதல் சீட்டு, அனுப்பியவருக்குத் திரும்பிப் போகும். எழுதத் தெரியாதவர் என்றால் பெருவிரல் ரேகை, பக்கத்தில் எழுதத் தெரிந்த ஒருவரின் சாட்சிக் கையெழுத்து. கூப்பனின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள், கடிதம் எழுத நேரமில்லாதவர்கள் அங்கேதான் நாலு வரி எழுதுவார்கள். தயவுசெய்து பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.

கே: மணியார்டர் வேறு யாரிடமோ போய்விட்டால் அரசாங்கம் ஈடு கட்டுமா? எங்கள் ஊரில் ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கிறோம்.
– ஒரு வாசகர், விருதுநகர் மாவட்டம்

ப: 1898-ஆம் வருடத்து இந்திய அஞ்சலகச் சட்டம் இதற்கென்றே 48-ஆம் பிரிவை வைத்திருந்தது. அதைப் படித்தால் வெள்ளைக்கார சர்க்கார் எவ்வளவு உஷாரான பேர்வழி என்று தெரியும். அனுப்பியவர் பெயரோ விலாசமோ தப்பாகக் கொடுத்து, அதனால் பணம் கை மாறிப் போனால் அரசின் மேல் வழக்குப் போட முடியாது. விலாசம் அரைகுறையாக இருந்து, ‘இது போதும்’ என்று தபாலாபீஸ் ஏற்றுக்கொண்டதில் நியாயம் இருந்தாலும் முடியாது. ஊழியரின் கவனக்குறைவாலோ மறதியாலோ பட்டுவாடா தாமதமானாலும் முடியாது, அவர் மோசடி செய்திருந்தாலோ வேண்டுமென்றே செய்திருந்தாலோ மட்டும் விதிவிலக்கு. மணியார்டர் போட்டு ஒரு வருடம் தாண்டிவிட்டதா, அதன்பின் தப்பான ஆளுக்குக் கொடுத்திருந்தாலும் கேட்க முடியாது. வெளிநாட்டுத் தபாலாபீஸ் செய்த தப்புக்கும் இதே கதை.

சரி, பணத்தைத் தப்பாக வாங்கிக்கொண்ட ஆள்? அதற்கு 47-ஆம் பிரிவு. தக்க காரணமில்லாமல் திருப்பித் தராவிட்டால், நிலவரி பாக்கியை வசூலிப்பது போல வசூலிக்கலாம். நிலவரி பாக்கி என்றால் நம் தாத்தாக்களுக்குத் தெரியும், ஜப்தி வரை போகிற சமாச்சாரம். ஆக, தன் கையால் நடக்கும் பிழைக்கு சர்க்கார் முன்கூட்டியே தனக்கு மன்னிப்பு எழுதி வைத்துக்கொண்டது, நம் கையில் தவறி விழுந்த காசுக்கு மட்டும் தாசில்தாரை அனுப்பியது.

இந்த மனப்பான்மைக்கு வயது இன்னும் அதிகம். தபாலில் போன கடிதத்திலிருந்து அரசுக் கடன் பத்திரங்கள் காணாமல் போன வழக்கு ஒன்றில், போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் பொறுப்பில்லை என்று 1701-லேயே இங்கிலாந்தில் தீர்ப்பாகிவிட்டது. சரக்கு வண்டிக்காரன் மூட்டையைத் தொலைத்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும், தபாலாபீஸ் அப்படியில்லை, அது அரசாங்கத்தின் ஓர் அங்கம் என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் வாதம். தலைமை நீதிபதி ஹோல்ட் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கட்டணம் வாங்கினால் பொறுப்பும் வாங்கத்தான் வேண்டும் என்கிற கட்சி அவர். நானும் ஹோல்ட் கட்சிதான்.

உங்கள் மூன்று பேருக்கும் ஒரு யோசனை: தகப்பனார் பெயர், கதவு எண், தெரு எல்லாவற்றையும் முழுசாக எழுதச் சொல்லுங்கள்.

கே: மணியார்டர் போட்ட பிறகு மனசு மாறினால்?

ப: பெறுபவர் கைக்குப் போகாத வரை திரும்பக் கேட்கலாம், வேறு ஆளுக்குக் கொடுக்கச் சொல்லவும் செய்யலாம் என்று இருந்தது. பழைய சட்டத்தின் 44-ஆம் பிரிவு இதைச் சொன்னது. அதிலேயே ஒரு வால் உண்டு: அனுப்பியவர், பெறுபவர் இருவரையும் கண்டுபிடிக்க முடியாமல், ஒரு வருடத்துக்குள் யாரும் வந்து கேட்கவும் இல்லை என்றால் அப்புறம் அந்தப் பணத்தை அரசிடம் கேட்க முடியாது.

கே: அந்தச் சட்டத்தைத்தான் எடுத்துவிட்டார்களே! பழைய கதை எதற்கு?
– ஒரு வாசகர், கோவை

ப: எடுத்துவிட்டார்கள், உண்மை. அஞ்சலகச் சட்டம் 2023 டிசம்பரில் நிறைவேறி, 2024 ஜூன் 18 முதல் நடைமுறையில் இருக்கிறது. கடிதம் கொண்டுபோகும் ஏகபோக உரிமை போய்விட்டது, தபால்தலை வெளியிடும் உரிமை மட்டும் தபால் துறையிடமே இருக்கிறது. ஆனால் நாம் பேசிக்கொண்டிருக்கிற விஷயத்தில் என்ன மாறியது? விதிகளில் குறிப்பிட்ட பொறுப்பைத் தவிர வேறு எந்தப் பொறுப்பும் தபால் துறைக்குக் கிடையாது, மோசடியோ வேண்டுமென்றே செய்ததோ இல்லையென்றால் ஊழியருக்கும் கிடையாது. நாம் கட்டாமல் விட்ட கட்டணம்? நிலவரி பாக்கி போல வசூல். அட, இது எங்கேயோ கேட்ட குரல்!

பழைய சட்டத்தில், தபாலைத் திருடிய அல்லது ஒளித்து வைத்த ஊழியருக்கு 7 வருடம் வரை சிறை என்று 52-ஆம் பிரிவு இருந்தது. அந்த மாதிரித் தண்டனைப் பிரிவுகள் புதுசில் இல்லை. திருட்டுக்குப் பொதுவான குற்றவியல் சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும், ஆனாலும் வெள்ளைக்காரன் வைத்துப்போன சட்டத்தைத் தூக்கும்போது குடிமகனுக்குச் சாதகமான பக்கம் போய், சர்க்காருக்குச் சாதகமான பக்கம் தங்கியது எனக்கு உறுத்துகிறது.

கே: கோர்ட்டில் கீதை மேல் கை வைத்துச் சத்தியம் வாங்குவது எந்தச் சட்டப்படி?
– ஒரு கல்லூரி மாணவி, திருச்சி

ப: சினிமா சட்டப்படி. 1969-ஆம் வருடத்து உறுதிமொழிச் சட்டத்தில் எந்தப் புத்தகமும் கிடையாது. கடவுள் பெயரால் ஆணையிடலாம், அல்லது மனப்பூர்வமாக உறுதி கூறலாம், சொல்லப்போவது உண்மை, முழு உண்மை, உண்மையைத் தவிர வேறில்லை என்று. அவ்வளவுதான். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குச் சத்தியம் என்றால் என்னவென்று புரியாவிட்டாலும், உண்மை பேச வேண்டும் என்பது புரிந்தால் போதும், அந்தச் சத்தியம்கூட வேண்டாம்.

புத்தகமும் புனித நீரும் இருந்த காலமும் உண்டு. இந்துக்களைக் கங்கை நீர் மேலும் முஸ்லிம்களைக் குர்ஆன் மேலும் சத்தியம் செய்யச் சொல்லிக் கிழக்கிந்தியக் கம்பெனி நீதிமன்றங்கள் கட்டாயப்படுத்தின. ஆசாரமான ஆட்கள் பலருக்கு அது மனசாட்சிக்கு ஒவ்வாத காரியம். நீதி நடப்பதற்கே இது இடைஞ்சலாக இருக்கிறது என்று சொல்லி 1840-ல் ஒரு சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள், பதிலாக எல்லாம் வல்ல கடவுளின் முன்னிலையில் உறுதி கூறினால் போதும் என்று ஆனது. 1873-ஆம் வருடத்துச் சட்டமும் இந்து, முஸ்லிம் சாட்சிகளுக்கு உறுதிமொழிதான் என்றது. ஆக, சினிமாவில் அந்தச் சிவப்புத் துணி சுற்றிய புத்தகம் வருவதற்கு நூறு வருடம் முன்பே சட்டத்தில் அதை மூட்டை கட்டிவிட்டார்கள்.

கே: ‘கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய், கேஸை விட்டுவிடுகிறேன்’ என்று என் பெரியப்பா கோர்ட்டிலேயே சொன்னாராம். அப்படியெல்லாம் நடக்குமா?
– ஒரு வாசகர், தேனி

ப: 1969-க்கு முன்பு என்றால் தாராளமாக நடந்திருக்கும். 1873-ஆம் வருடத்துச் சட்டத்தின் 8 முதல் 12 வரையிலான பிரிவுகள் இதற்குத்தான். எதிராளி இன்ன விதமாகச் சத்தியம் செய்து சொன்னால் நான் கட்டுப்படுகிறேன் என்று ஒருவர் முன்வரலாம். நீதிபதி எதிராளியைக் கேட்பார். அவர் சம்மதித்தால், கோர்ட்டுக்கு வெளியே போய் அந்தச் சத்தியத்தை வாங்கிவர ஆளைக்கூட நியமிக்கலாம். சத்தியம் செய்து சொன்னது, கட்டுப்படுகிறேன் என்றவருக்கு எதிராக முடிவான சாட்சியம் ஆகிவிடும், அதற்கு மேல் அவர் வாதாட இடமில்லை. எதிராளி மறுத்தால் கட்டாயம் கிடையாது, என்ன சத்தியம், ஏன் மறுத்தார் என்று மட்டும் பதிவாகும்.

இரண்டு நிபந்தனை. நீதிக்கும் நாகரிகத்துக்கும் முரணாக இருக்கக் கூடாது, மூன்றாம் ஆளைப் பாதிப்பதாகவும் இருக்கக் கூடாது. அதாவது பிள்ளை தலையில் கை வைத்துச் சத்தியம் செய்வது செல்லாது. இதை எழுதியவர் யாரோ, நம் ஊர்ப் பஞ்சாயத்துகளைக் கொஞ்சம் கவனித்துத்தான் எழுதியிருக்கிறார்!

இப்போதைய சட்டத்தில் இந்தப் பந்தய ஏற்பாடு இல்லை. தன் வகுப்பாருக்கு வழக்கமான முறையில் சத்தியம் செய்ய ஒரு சாட்சி விரும்பினால், நீதிமன்றம் சரியென்று நினைத்தால் அனுமதிக்கலாம் என்கிற வரி மட்டும் மிச்சமிருக்கிறது.

கே: உறுதிமொழியில் ஒரு வார்த்தை விட்டுப்போனால் சாட்சியம் செல்லாதா? பதவியேற்பில் விட்டுப்போனால்?
– ஒரு வாசகர், சேலம்

ப: சாட்சியம் செல்லும். உறுதிமொழியே வாங்க மறந்துபோனாலும், முறை தவறி வாங்கினாலும் நடவடிக்கை கெடாது, உண்மை பேச வேண்டிய கடமையும் குறையாது என்று 1873-லேயே 13-ஆம் பிரிவு சொன்னது, 1969-லும் அது அப்படியே வந்தது. மணியார்டரில் பார்த்த அதே முன்ஜாக்கிரதைதான், கோர்ட் மறந்தால் கோர்ட்டுக்கு மன்னிப்பு. ஆனால் இங்கே நான் குறை சொல்ல மாட்டேன், ஒரு குமாஸ்தாவின் மறதியால் கொலை வழக்கே கவிழ்ந்துவிடக் கூடாது.

பதவியேற்பு வேறு சங்கதி. அது அரசியலமைப்பின் மூன்றாவது அட்டவணை. அங்கேயும் கடவுள் பெயரால் அல்லது உளமார என்று இரண்டு வழி உண்டு, 2021-ல் ஸ்டாலின் உளமார என்றுதான் முதல்வர் பொறுப்பேற்றார். உறுதிமொழி எடுக்காமலே சட்டமன்றத்தில் உட்கார்ந்தாலோ ஓட்டுப் போட்டாலோ நாள் ஒன்றுக்கு 500 ரூபாய் அபராதம், 193-ஆம் பிரிவு. அரசுக்குச் சேர வேண்டிய கடனாக அதை வசூலிப்பார்கள். 1950-ல் அது கனமான தொகை. இன்றைக்கும் அதே 500தான்.