பேப்பர் வராத நாள்

அன்புள்ள சார்,

மும்பையில் வரும் குஜராத்தி நாளிதழ் ‘மும்பை சமாச்சார்’ 1822இல் தொடங்கி, இருநூறு ஆண்டு தாண்டியும் வந்துகொண்டிருக்கிறது என்று சமீபத்தில்தான் அறிந்தேன். நம் நாட்டில் பதிவான பத்திரிகைத் தலைப்புகள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேலாம். இத்தனை மொழி, இத்தனை வகை! ஆனால் தமிழில் 1882இல் பிறந்த சுதேசமித்திரன் நிலைக்கவில்லையே, ஏன்? நமக்கு வாசிப்பு ருசி போதாதா? நானே கொரோனா சமயத்தில் பேப்பரை நிறுத்தியவன்தான். பேப்பர் போடுகிற பையனும் நேரத்துக்கு வருவதில்லை என்பதால் மறுபடி சேரவில்லை, செல்போனில் பார்த்துக்கொள்கிறேன். இப்போது எட்டாவது படிக்கும் மகளுக்காக வாங்கலாமா என்று யோசனை. எந்தப் பத்திரிகை நல்லது?

ச., ஈரோடு

அன்புள்ள ச.,

எங்கள் தெருவில் இருபது வருடமாகப் பேப்பர் போட்டவர் போன மாதம் மூட்டுவலி என்று நின்றுவிட்டார். மாற்று ஆள் கிடைக்கவில்லை என்கிறார் ஏஜென்ட். காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு முக்குக் கடைக்குப் போய் வாங்கி வருகிறேன். இதை நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது. மும்பை சமாச்சார் எல்லாம் எனக்கு அப்புறம்தான் கண்ணில் பட்டது. முதலில் பட்டது, போகிறபோக்கில் நீங்கள் எழுதிவிட்ட அந்தப் ‘பையன்’.

ஒரு லட்சம் தலைப்பைத் தள்ளிவையுங்கள். அதில் பல பெயர்கள் பதிவேட்டில் மட்டும்தான் வாழ்கின்றன. செல்போனில் படிப்பதைப் பற்றியும் சண்டைக்கு வரவில்லை, நானும் படிக்கிறேன். ‘வாசிப்பு ருசி’ என்றீர்களே, அதை மட்டும் விட மாட்டேன். எது நின்றுபோனாலும் தமிழனுக்கு ருசியில்லை, ரசனையில்லை என்று பழியைப் பொதுவில் தூக்கிப் போட்டுவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். நிறுத்தியவர் நீங்கள். பழி மட்டும் எட்டுக் கோடிப் பேருக்கா?

சுதேசமித்திரனைத் தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயர் யார்? 1878இல் எண்பது பிரதிகளோடு ‘தி இந்து’வைத் தொடங்கிய இளைஞர்களில் ஒருவர். அதே மனிதர், அதே சென்னை, நாலு வருட இடைவெளி. ஒன்று இருக்கிறது, ஒன்று இல்லை. மித்திரனில் பாரதியே வேலை பார்த்தார். எழுத்துப் பஞ்சத்தால் அது நின்றது என்று யாரும் சொல்ல முடியாது. இந்து 1963இல் பேப்பர் கட்டுகளை ஏற்றிப்போகச் சொந்தமாக விமானம் வாங்கியது. சி.பா. ஆதித்தனார் 1942இல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கினார். பிறகு ஊர் ஊராக அச்சகம் போட்டு, விடிவதற்குள் டீக்கடை பெஞ்சுக்குப் பேப்பரைக் கொண்டுசேர்த்தார்கள். என் கணிப்பு இதுதான்: ஒரு நாளிதழின் ஆயுளைத் தலையங்கம் தீர்மானிப்பதில்லை, இருட்டில் கிளம்புகிற வண்டிதான் தீர்மானிக்கிறது. தலையங்கம் எழுதுகிற நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். கோபிக்கட்டும்.

இது ஆட்சியாளர்களுக்கு ஆதியிலேயே தெரிந்திருந்தது. 1780 ஜனவரியில் கல்கத்தாவில் ஹிக்கி நாட்டின் முதல் பத்திரிகையை அச்சிட்டார். அன்றைய கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸின் நிர்வாகம் அவருடைய அச்செழுத்துகளைப் பறிமுதல் செய்தது 1782இல்தான். அதற்கு வெகு முன்பே, அந்த முதல் வருட நவம்பரிலேயே, தபாலில் அந்தப் பத்திரிகை போகக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டது. பாரதியின் ‘இந்தியா’ வார இதழும் அப்படித்தான். 1908இல் புதுச்சேரிக்குத் தப்பிப் போனது. அங்கே பிரெஞ்சு ஆட்சி, அச்சடிப்பதைத் தடுக்க வெள்ளைக்காரனால் முடியவில்லை. பிரிட்டிஷ் எல்லைக்குள் நுழைய விடாமல் தடுத்தான். 1910இல் பத்திரிகை நின்றது. பேனா அப்படியேதான் இருந்தது, வாசல்கள்தான் அடைபட்டன.

நீங்கள் வியந்த மும்பை சமாச்சாரும் ஒன்றும் புரட்சி செய்யப் பிறந்ததல்ல. சரக்கு எங்கே போகிறது, எந்தச் சொத்து விலைக்கு வருகிறது என்று வியாபாரிகளுக்குச் சொல்ல பர்துன்ஜி மர்ஸ்பான் என்ற பார்சி தொடங்கிய வாரத்தாள். அன்றாடத் தேவை, அவ்வளவுதான். 2020 மார்ச்சில் மும்பையில் பேப்பர் விற்பவர்கள் கட்டு எடுக்க மாட்டோம் என்றதும் என்ன ஆயிற்று? பெரிய பெரிய பத்திரிகைகளே பல நாள் அச்சுக்குப் போகவில்லை. ஆசிரியர் இருந்தார், மிஷின் இருந்தது, காகிதம் இருந்தது. பையன் இல்லை.

இவ்வளவு வேகமாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. நானே அந்தப் பையன்தான்.

அருப்புக்கோட்டையில் ஒன்பதாவது, பத்தாவது படித்த இரண்டு வருடம் லைன் போட்டேன். மதுரையிலிருந்து வேன் நாலரைக்கு வரும். பஸ் ஸ்டாண்டு வெளியே சணல் கயிறு கட்டிய கட்டுகளைத் தூக்கி எறிந்துவிட்டு நிற்காமல் போய்விடும். ட்யூப்லைட் அடியில் குத்தவைத்து, எண்ணி, இணைப்பைச் செருகி, லைன் வாரியாகப் பிரிப்போம். மை காயாத பேப்பரில் ஒரு மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். விரல் கறுத்துவிடும், பள்ளிக்கூடத்தில் அந்த விரலோடுதான் உட்காருவேன். எனக்கு அறுபத்திரண்டு வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மடிப்பு: கேட்டில் செருக ஒன்று, மாடிக்கு வீசச் சுருட்டிய ஒன்று, கதவடியில் தள்ளத் தட்டையாக ஒன்று.

கடைசி வீடு ஓய்வுபெற்ற வாத்தியாருடையது. சைக்கிள் சத்தம் கேட்டதும் திண்ணைக்கு வந்துவிடுவார். வாங்கியதும் தேதியைத்தான் முதலில் பார்ப்பார். படித்து முடித்த பேப்பரைத் தேதி வரிசையில் அடுக்கி, மாதத்துக்கு ஒரு கட்டாகக் கட்டிப் பரணில் ஏற்றுவார்.

1984 அக்டோபர் 31. இந்திரா காந்தி சுடப்பட்ட செய்தி ரேடியோவில் வந்துவிட்டது. மறுநாள் விடிகாலை பஸ் ஸ்டாண்டில் வேனுக்கு முன்னால் கூட்டம் நின்றது. ஏஜென்ட் எங்களிடம் கண்டிப்பாகச் சொன்னார்: “லைன் பேப்பர்ல கைவைக்கக் கூடாதுலே.” தலையாட்டினேன். லைனில் பாதி வழி போயிருப்பேன், லாரி செட் அருகே ஒருவர் மறித்து ஐந்து ரூபாய்த் தாளை நீட்டினார். பைசாக் கணக்கில் விற்ற பேப்பருக்கு ஐந்து ரூபாய்! எனக்கு ஒரு வாரச் சம்பளம் அது. கொடுத்துவிட்டேன். ஒரு பேப்பர் குறைந்தது. குறைந்தது கடைசி வீட்டுக்கு.

அவர் தெருமுனைவரை வந்து நின்றிருந்தார். துண்டைப் போர்த்தியிருந்தார். “இன்னைக்குக் கட்டுல ஒண்ணு கம்மி சார்” என்றேன். என் முகத்தைப் பார்த்தார், கேரியரைப் பார்த்தார். “இன்னைக்கா?” என்றார். அவ்வளவுதான். திரும்பி நடந்தார். அந்தத் தெரு வழியே சைக்கிளை மிதிக்க முடியாமல் உருட்டிக்கொண்டு வந்தேன்.

மாதக் கடைசியில் ரசீது புத்தகத்தோடு போனேன். சில்லறையைத் திண்ணையில் பரப்பி எண்ணிக் கொடுத்தார். ஒரு நாள் காசு குறைந்தது. நான் கேட்கவில்லை. அவரே ரசீதின் பின்பக்கம் திருப்பி, நல்ல கையெழுத்தில் எழுதிக் காட்டினார்: ‘1.11.84 – வரவில்லை.’ ஏஜென்டிடம் அந்தக் காசை நான் என் கையிலிருந்து கட்டினேன். ஐந்து ரூபாயில் மிச்சம் என்ன செய்தேன் என்பது ஞாபகமே இல்லை, பாருங்கள்.

அவர் போன பிறகு பரணில் இருந்ததெல்லாம் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போயிற்று என்று கேள்விப்பட்டேன். அந்த நவம்பர்க் கட்டில் முப்பதுக்கு இருபத்தொன்பதுதான் இருந்திருக்கும் என்று தெரிந்த ஒரே ஆள் இப்போது நான்தான்.

ஆகவே ச., உங்கள் பையன் நேரத்துக்கு வரவில்லை என்றால் ஏன் என்று அவனைக் கேட்டீர்களா? இந்த வேலைக்கு இன்று கொடுக்கிற சம்பளத்தில் வருவதே பெரிது. அவன் பெயராவது தெரியுமா? இருநூறு வருடப் பத்திரிகையின் தொடக்க தேதி தெரிந்திருக்கிறது உங்களுக்கு. கோபமாகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கோபம்தான், ஆனால் மகளுக்காக யோசிக்கிற அப்பாமீது அது ரொம்ப நேரம் நிற்காது.

எந்தப் பத்திரிகை என்று கேட்டிருந்தீர்கள். பாப்பா பள்ளிக்கூடம் கிளம்புவதற்கு முன் உங்கள் தெருவுக்கு வந்து சேருகிற பத்திரிகை எதுவோ, அது. மாதக் காசை அவள் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள்.