கேஜ் வீலுக்கு ஸ்ட்ரெஸ் டெஸ்ட் தேவையா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் விவசாயம் செய்கிறேன். சேற்றுழவுக்கு டிராக்டரில் மாட்டும் கேஜ் வீலில் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) எத்தனை முறை வெல்டிங் வைத்தாலும் அதை ஒட்டியே விரிசல் விடுகிறது. "உள்ளே ஸ்ட்ரெஸ் நிற்கிறது, அளந்து, கம்ப்யூட்டரில் மாடல் போட்டு சர்டிபிகேட் தருகிறேன்" என்று ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள்.

ஸ்ட்ரெஸ் நிற்பது உண்மைதான். உருகிய வெல்டு ஆறும்போது சுருங்கப் பார்க்கும், சுற்றியுள்ள இரும்பு விடாது. அந்த இழுவை உள்ளேயே தங்கிவிடும். சாதாரண மைல்டு ஸ்டீலில் அது 250 மெகாபாஸ்கல் வரை, அதாவது இரும்பு நிரந்தரமாக நெளியத் தொடங்கும் எல்லை வரைகூடப் போகும். அதன்மேல் சேற்றுழவின் உதையும் சேர்ந்தால் வெல்டு ஓரம்தான் முதலில் விடும்.

அளக்கவும் வழி உண்டு. ஸ்ட்ரெய்ன் கேஜ் (இரும்பு நீள்வதையும் சுருங்குவதையும் அளக்கும் சின்னப் பட்டை) ஒட்டி, நடுவில் சின்னத் துளை போட்டு, இரும்பு எவ்வளவு தளர்கிறது என்று பார்ப்பார்கள். ஆனால் உங்கள் வீல் விரிசல் விட்டாயிற்று, அந்த இடத்து இழுவையில் பெரும்பகுதி அவிழ்ந்திருக்கும். பழைய வெல்டையும் எப்படியும் குடைந்து எடுக்கப்போகிறீர்கள். அப்புறம் எதை அளப்பது? மாடலுக்கு ஆம்பியர், வேகம், இரும்பின் ரகம் எல்லாம் தெரிய வேண்டும். பட்டறையில் யார் குறித்துவைத்தார்கள்? சிவப்பும் நீலமுமாக ஒரு படம் கைக்கு வரும், அவ்வளவுதான். மானியத்தில் கருவி கொடுப்பவர்கள் இரும்பின் ரகத்தை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? கேட்டால் இன்னொரு மேஜையைக் காட்டுவார்கள்.

விரிசலின் இரு முனையிலும் துளை போட்டு, பழைய வெல்டை முழுக்கக் குடைந்து எடுக்கச் சொல்லுங்கள். மேலேயே பூசி மூடினால் மறுபடி விடும். லோ ஹைட்ரஜன் ராடு (வெல்டில் ஹைட்ரஜன் அதிகம் சேராத வெல்டிங் குச்சி), ஓவனில் காய்ந்ததாக இருக்கட்டும். ஐப்பசி மழையில் திறந்து கிடந்த பாக்கெட் ஆகாது. ஒரே இழுப்பாக இழுக்காமல், இரண்டு அங்குலமாக விட்டுவிட்டு வைக்கட்டும். சூடாக வாய்க்காலில் இறக்காதீர்கள். "கேஸ் டார்ச்சில் ஸ்ட்ரெஸ் எடுத்துவிட்டேன்" என்பவரையும் நம்பாதீர்கள். சுமார் 600 டிகிரி செல்சியஸில் நிறுத்திவைத்து மெதுவாக ஆறவிட்டால்தான் அது இறங்கும். ஒரு பக்கம் மட்டும் காய்ச்சினால் புதிதாகத்தான் ஏறும்.

நெல் அவிக்கும் மில் பாய்லர் மட்டும் வேறு கதை. அங்கே இந்தப் பட்டறை வைத்தியம் கூடவே கூடாது. நீராவி அழுத்தம் தாங்கும் பாகத்தில் கை வைக்க பாய்லர் இன்ஸ்பெக்டர் அனுமதியும், அதற்கென்று சான்று பெற்ற வெல்டரும் வேண்டும். "ராத்திரியோடு முடித்துவிடலாம், யாருக்கும் தெரியாது" என்று ஏஜென்ட் சொல்வார். வெடித்தால் அவர் ஊரில் இருக்க மாட்டார். சின்னக் கசிவுதானே என்று நீங்களும் நினைக்காதீர்கள், அதற்கும் இதே விதிதான்.