மார்கழி கேள்வி பதில்: புது கேமரா பாடி வருதாமே அண்ணே?

மார்கழியில் கல்யாணம் கிடையாது. கார்த்திகையில் எடுத்த ஆல்பங்களும் அச்சுக்குப் போய்விட்டன. நம் போட்டோகாரத் தம்பிகள் ஒரு மாதமாகக் கேட்டு வைத்திருக்கும் கேள்விகளை ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கேள்வி (மேலூர்): கேனான் ஆர்6 மார்க் 2 வாங்கக் காசு சேர்த்து வைத்திருந்தேன். 2025 நவம்பரில் மார்க் 3 வந்துவிட்டது. எதை வாங்கட்டும்?

பதில்: கல்யாணத்துக்குத்தானே தம்பி? அப்படியென்றால் ஆல்பத்திலிருந்து கணக்குப் போடுங்கள். 12க்கு 36 ஆல்பத்தை விரித்தால் ஒரு பக்கம் 12க்கு 18 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சடித்தால் 18 அங்குலத்துக்கு 5400 புள்ளி வேண்டும். மார்க் 2 எடுக்கும் 24 மெகாபிக்சல் படம் 6000 புள்ளி அகலம். பக்கம் முழுக்க ஒரே படத்தைப் போட்டாலும் மிச்சம் இருக்கிறது. மார்க் 3 தரும் 32.5 மெகாபிக்சலில் வெட்டிக்கொள்ளக் கூடுதலாகக் கொஞ்சம் இடம் கிடைக்கும், அவ்வளவுதான். பெண் வீட்டார் யாரும் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு ஆல்பம் பார்ப்பதில்லை.

நீங்கள் வீடியோவும் எடுப்பவர் என்றால் கதை வேறு. மார்க் 3 சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) முழுவதையும் 7கே-வில், அதாவது சுமார் ஏழாயிரம் புள்ளி அகலத்தில், பதிவு செய்யும். ஒரே காட்சியிலிருந்து டிவிக்குக் குறுக்காகவும் ரீல்ஸுக்கு நெடுக்காகவும் வெட்டிக்கொள்ளலாம். இப்போது எல்லா மாப்பிள்ளைக்கும் ரீல்ஸ்தான் முதலில் வேண்டும்.

இன்னொன்றைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். மார்க் 2-வில் படம் பதியும் கார்டு இரண்டும் எஸ்.டி. வகை. மார்க் 3-யில் ஒன்று சிஎஃப் எக்ஸ்பிரஸ் என்ற வேறு வகை, ஒன்று எஸ்.டி. கார்டும் ரீடரும் புதிதாக வாங்க வேண்டும். அதன் விலையைக் கேட்டுவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். எதை வாங்கினாலும் இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதியும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

இதை நான் ஏன் விடாமல் சொல்கிறேன் என்று புதியவர்களுக்குத் தெரியாது. பல வருடத்துக்கு முன் திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாணம். என் பாடியில் ஒரே கார்டுதான். தாலி கட்டி, மெட்டி போட்டு, பந்தி ஆரம்பிக்கிற நேரம் படத்தைத் திருப்பிப் பார்த்தால் திரையில் கார்டைப் படிக்க முடியவில்லை என்று வருகிறது. கழற்றி, சட்டையில் துடைத்து, திரும்பப் போட்டேன். அதேதான். மாப்பிள்ளையின் சித்தப்பா இலையில் உட்கார்ந்தபடி, “எல்லாம் நல்லா வந்திருக்கா தம்பி?” என்கிறார். அந்த ஆல்பத்தில் இருக்கும் தாலிப் படம் யாரோ ஒரு உறவுக்காரப் பையன் செல்போனில் எடுத்தது.

கேள்வி (திருமங்கலம்): இப்போது வாங்கலாமா, அடுத்த மாடலுக்குக் காத்திருக்கலாமா?

பதில்: தையில் எத்தனை முகூர்த்தம் கையில் இருக்கிறது? நாலுக்கு மேல் இருந்தால் இப்போதே வாங்கி இந்த மார்கழி முழுக்க வீட்டுப் பிள்ளைகளை எடுத்துப் பழகுங்கள். புது பாடியை முகூர்த்தத்தன்று பிரிப்பவனுக்கு நான் பதில் சொல்வதில்லை.

கேள்வி (சிவகங்கை): ஆர்7 மார்க் 2 வரப்போகிறது என்கிறார்கள். நம்பலாமா? பறவைப் படத்துக்காகக் காத்திருக்கிறேன்.

பதில்: வதந்தியில் இரண்டு சாதி உண்டு. வைஃபை, புளூடூத் உள்ள கருவியை விற்பதற்கு முன் ஒவ்வொரு நாட்டிலும் வயர்லெஸ் அனுமதிக்குப் பதிய வேண்டும். கேமராவுக்கும் அதே விதி. அங்கே ஒரு புதுக் குறியீட்டு எண் வெளியே வந்தால் ஏதோ ஒன்று வருகிறது என்று நம்பலாம். மெகாபிக்சல், வேகம், விலையெல்லாம் அதில் இருக்காது. அவை பெரும்பாலும் ஆளாளுக்குக் கட்டிவிடுவது.

2022-இல் வந்த ஆர்7-இல் உங்களுக்கு என்ன குறை? சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் றெக்கை வளைந்து விழுகிறது, அதுதானே? சென்சாரை மேலிருந்து கீழே மெதுவாகப் படிப்பதால் வரும் கோளாறு. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றுங்கள், நொடிக்கு 15 படம் வரும். வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் உங்களுக்குப் பக்கம். பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே நிறுத்திய ஊர். புது பாடி வரும்வரை காத்திருந்தால் பறவைகள் கிளம்பிப் போய்விடும்.

கேள்வி (அவனியாபுரம்): பழைய கேனான் ஆர்5 நல்ல விலைக்கு வருகிறது. சூடாகுமா?

பதில்: 2020-இல் அது வந்தபோது கேனானே சொன்ன கணக்கு, 23 டிகிரியில் 8கே வீடியோ 20 நிமிடம்தான், அதற்கு மேல் சூடாகி நின்றுவிடும். நம்மூரில் 23 டிகிரியை எங்கே தேடுவது? போட்டோவுக்கு மட்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள். பில் கேளுங்கள்.

கேள்வி (பாலமேடு): வாடிவாசலில் மாடு வெளியே வரும் நொடியைப் பிடிக்க, ஷட்டரை அமுக்குவதற்கு முந்தைய படத்தையும் சேமிக்கும் புது பாடிதான் வேண்டுமா?

பதில்: நல்ல வசதிதான். ஆனால் நிக்கான் இசட்8-இல் அந்தப் படங்கள் ஜேபெக்காக மட்டுமே வரும், பிறகு திருத்த வசதியான ராவ் (சென்சார் பதிந்தபடியே இருக்கும் கோப்பு) கிடையாது. புழுதியில் லென்ஸைக் கழற்றாதீர்கள். அதைவிடப் பெரிய செலவு வேறில்லை.

கேள்வி (சோழவந்தான்): அண்ணே, அடுத்த மாடலுக்குக் காத்திருக்கலாமா?

பதில்: திருமங்கலத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (உசிலம்பட்டி): உள்ளே கண்ணாடி வைத்த டி.எஸ்.எல்.ஆர். கேமராவை வியாபாரிகள் கொன்றுவிட்டார்கள். என் நிக்கான் டி850 ஒரே பேட்டரியில் ரிசப்ஷன் முதல் தாலி வரை ஓடுகிறது. புதுசு எதற்கு?

பதில்: பேட்டரி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. டி850-க்குச் சோதனைக் கணக்கு ஒரு பேட்டரிக்கு 1840 படம். கண்ணாடி இல்லாத சோனி ஏ7 4-க்கு வ்யூஃபைண்டரில் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) பார்த்து எடுத்தால் 520. மெகாபிக்சலிலும் 2017-இல் வந்த உங்கள் பாடிக்கும் 2023-இல் வந்த இசட்8-க்கும் ஒரே 45.7. விற்காதீர்கள்.

கேள்வி (திருநகர்): உசிலம்பட்டி அண்ணன் சொல்வதை ஏற்க முடியாது. தாலி கட்டும்போது என் சோனி பெண்ணின் கண்ணிலேயே ஃபோகஸை நிறுத்துகிறது. அவர் வ்யூஃபைண்டரில் அது உண்டா?

பதில்: இல்லை. ஆனால் கெட்டிமேளம் கொட்டியதும் பின்னாலிருந்து அட்சதை பறக்கும். மஞ்சள் அரிசி லென்ஸுக்கு ஒரு முழம் முன்னால் விழும்போது உங்கள் கண் ஃபோகஸும் அரிசியைப் பிடிக்கும். எத்தனை தாலிப் படத்தில் அரிசி மட்டும் பளிச்சென்று, பெண் கலங்கலாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

உசிலம்பட்டி மறுபடியும்: என் கேமரா அரிசிக்கு ஏமாறாது.

பதில்: ஏமாறும் அண்ணே. மெனுவில் ஃபோகஸ் டிராக்கிங் வித் லாக்-ஆன் என்று இருக்கும். குறுக்கே எதுவும் வந்தால் எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பதற்கு 1 முதல் 5 வரை எண். தாலிக்கு 5 வையுங்கள். அரிசி விழுந்து முடியும்வரை அசையாது.

திருநகர் மறுபடியும்: அதைப் படித்துவிட்டு நானும் 5 வைத்தேன். பையனை விட்டு அரிசி போடச் சொல்லிப் பார்த்தால் முன்பைவிட மோசம்.

பதில்: சோனியில் எண் தலைகீழ் தம்பி. அங்கே 5 என்றால் உடனே பாயும், 1 என்றால்தான் பிடித்த இடத்தில் நிற்கும். உசிலம்பட்டி அண்ணன் சிரிக்க வேண்டாம். நீங்கள் இத்தனை வருடமாக அந்த மெனுவுக்குள் போனதே இல்லை என்று தெரிகிறது.

கேள்வி (வாடிப்பட்டி): மண்டபத்தில் சத்தமில்லாத ஷட்டரில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழுகிறது. 2025 டிசம்பரில் வந்த சோனி ஏ7 5 வாங்கினால் சரியாகுமா?

பதில்: அதன் சென்சார் வேகமாகப் படிப்பதால் குறையும். அதற்கு முன் காசில்லாத வைத்தியம் ஒன்று: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சாதா விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்கும். மெக்கானிக்கல் ஷட்டரில் நொடியில் நூறில் ஒரு பங்கு (1/100) வைத்து எடுங்கள். மேடைக்குப் பின்னால் இருக்கும் எல்.இ.டி. சுவர் வேறு கணக்கில் மினுக்கும், அதற்கு முதல் நாள் ரிசப்ஷனிலேயே சோதித்துப் பாருங்கள். கார்டு இரண்டு போட்டிருக்கிறீர்களா?

கேள்வி (ஆரப்பாளையம்): எந்த செல்போனில் கேமரா நல்லாருக்கும்?

பதில்: மொபைல் கடையில் கேளுங்கள்.

கேள்வி (திருப்புவனம்): அண்ணே, இப்போது வாங்கலாமா, இல்லை அடுத்த மாடல்...

பதில்: கடை சாத்தியாச்சு.