முதல் பிரசவம் சிசேரியன்: இரண்டாவதற்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 27. ஒரத்தநாடு பக்கத்தில் ஒரு கிராமம். இரண்டரை வருடத்துக்கு முன் தனியார் மருத்துவமனையில் சிசேரியன் மூலம் முதல் குழந்தை பிறந்தது. இப்போது 30 வாரக் கர்ப்பம். ஹீமோகுளோபின் 8.8. ‘தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்’ என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். அங்கே மாணவர்கள் கூட்டமாக வந்து பார்ப்பார்களாமே? நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது. சுகப்பிரசவம் ஆக வாய்ப்பு உண்டா?

பதில்: முதலில் இடம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியின் மகப்பேறுப் பிரிவு, கல்லூரியை ஒட்டிய மருத்துவமனையில் இல்லை. நகருக்குள் ராசா மிராசுதார் மருத்துவமனையில் இயங்குகிறது. சென்னையிலும் இப்படித்தான்: சென்னை மருத்துவக் கல்லூரியின் மகப்பேறு மருத்துவமனை எழும்பூரில் இருக்கிறது, சென்ட்ரலுக்கு எதிரே அல்ல. வலி வந்த பிறகு ஆட்டோ தவறான பக்கம் போய் நிற்கக் கூடாது. இப்போதே ஒருமுறை போய் ஓ.பி. சீட்டு போட்டுப் பதிந்துவிடுங்கள். உங்களைப் பார்க்கும் யூனிட் (மருத்துவர் குழு) எது, அதற்கு என்ன கிழமை என்பதைத் தாய்சேய் நல அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் உங்களைத் தட்டிக்கழிக்கவில்லை. ஒருமுறை சிசேரியன் ஆனவருக்குப் பிரசவ வலியின்போது கர்ப்பப்பையின் பழைய தையல் விட்டுப்போகும் ஆபத்து, ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்கு உண்டு. அரிதுதான். ஆனால் நேர்ந்துவிட்டால் சில நிமிடங்களில் அறுவை அரங்கு, மயக்க மருந்து மருத்துவர், ரத்தம், பச்சிளங்குழந்தை மருத்துவர் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கும் இவர்கள் அங்கேயே இருப்பது மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில்தான். அந்த நேரத்தில் உங்களுக்காக விழித்திருப்பவர்களும் நீங்கள் கூச்சப்படுகிற அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்தான்.

சுகப்பிரசவம்? தகுந்தவர்களைத் தேர்ந்து முயற்சி செய்தால் நூற்றுக்கு 60 முதல் 80 பேருக்கு நல்லபடியாக ஆகிறது. உங்களுக்கு ஆகுமா என்பது முதல் சிசேரியன் ஏன் நடந்தது என்பதைப் பொறுத்தது. குழந்தை தலைமேலாக இருந்ததால் என்றால் வாய்ப்பு அதிகம். வலி நன்றாக வந்தும் தலை இறங்காமல் நின்றுவிட்டது என்றால் குறைவு. கர்ப்பப்பையில் கீறியது கீழ்ப்பகுதியில் குறுக்காகவா, நெடுக்காகவா என்பது அதைவிட முக்கியம். நெடுக்காக என்றால் வலிக்கு விடவே மாட்டார்கள். வயிற்றின் மேல் தெரியும் தழும்பை வைத்து இதைச் சொல்ல முடியாது. அறுவைக் குறிப்பில்தான் இருக்கும். அந்தக் குறிப்பையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் இந்த வாரமே வாங்குங்கள். உள்நோயாளிப் பதிவேடுகளை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. உங்களுக்கு இன்னும் ஆறு மாதமே மிச்சம். கூடவே ஸ்கேனில் நச்சுக்கொடி பழைய தையலின் மேல் உட்கார்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். அப்படி இருந்தால் திட்டமே வேறு.

உண்மையில் எனக்குக் கவலை தருவது தையலைவிட அந்த 8.8தான். 11க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகை. மற்றவர் தாங்கிக்கொள்ளும் ரத்தப்போக்கை நீங்கள் தாங்க மாட்டீர்கள். மாத்திரையால் மாதத்துக்கு ஒரு புள்ளி ஏறுவதே பெரிது. உங்களிடம் இருப்பது இரண்டு மாதம். அதனால் இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்றலாமா என்று நீங்களே கேளுங்கள். மாத்திரையைத் தேநீர், காபி, பால், கால்சியம் மாத்திரை இவற்றோடு சேர்த்து விழுங்குகிறவர்கள் ஏராளம். அப்படி விழுங்கினால் பாதிப் பலன் போய்விடும். பேரீச்சம்பழம் போதும் என்று சொல்லும் உறவினருக்குத் தலையாட்டிவிட்டு மாத்திரையைப் போடுங்கள்.

இனி மாணவர்கள். அவர்கள் வருவார்கள், மறைப்பதற்கில்லை. ஆனால் உங்கள் சிகிச்சைக்கான பரிசோதனை வேறு, பயிற்சிக்கான பரிசோதனை வேறு. இரண்டாவதற்கு உங்கள் சம்மதம் வேண்டும். ‘வேண்டாம்’ என்றால் சிகிச்சை குறையாது, குறையக் கூடாது. ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது ஒரு பெண் உடனிருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. திரையை இழுத்துவிடச் சொல்லத் தயங்காதீர்கள். வலியின் முதல் கட்டத்தில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை உள்பரிசோதனை போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அடிக்கடி கை வைத்தால் கிருமித் தொற்றுக்கு இடம் கொடுப்பதாகும். தையலும் ரத்தசோகையும் உள்ள உங்களை இடையில் பார்க்கத் தனிக் காரணம் இருக்கலாம். ஆனால் ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி மருத்துவர்) பார்த்துப் போன கையோடு பி.ஜி. டாக்டரும் (மேற்படிப்பு மருத்துவர்) வந்து நின்றால், ‘இப்போதுதானே பார்த்தார்கள், எழுதியிருக்கிறதா பாருங்கள்’ என்று சொல்லுங்கள். கோபிக்க மாட்டார்கள். பெரும்பாலும் கேஸ் ஷீட்டைப் புரட்டிவிட்டுத் திரும்பிவிடுவார்கள்.

இதைச் சொல்வதற்குத் துணை வேண்டும். பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணையைத் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் 2004 முதல் அனுமதிக்கின்றன. பிள்ளை பெற்ற அனுபவம் உள்ளவராக, உங்களைவிட முதலில் அழுதுவிடாதவராக இருக்கட்டும். அம்மாதான் வர வேண்டும் என்பதில்லை. தைரியமான அத்தையோ அண்ணியோ மேல்.

செலவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பிரசவம், அறுவை, மருந்து, ரத்தம், உணவு எதற்கும் பணம் இல்லை. யாராவது கை நீட்டினால் 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்குப் புகார் சொல்லலாம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகைக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிந்ததும் தரும் எண்) கேட்பார்கள். அட்டையில் இருக்கிறதா பாருங்கள்.

பிரசவம் முடிந்தவுடனேயே காப்பர் டி என்ற கருத்தடைச் சாதனத்தைப் பொருத்துவதும் அங்கே வழக்கம். நல்ல முறைதான். வேண்டுமா வேண்டாமா என்பதை வலியில் புரளும்போது முடிவு செய்யாதீர்கள். கணவரோடு இப்போதே பேசி ஓ.பி.யில் சொல்லி எழுத வையுங்கள்.

எப்போது கிளம்புவது? தையல் இல்லாதவர் வலி ஒழுங்காகும் வரை வீட்டில் இருக்கலாம். நீங்கள் இருக்கக் கூடாது. வலி தொடங்கினாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ 108ஐ அழையுங்கள். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் இடையில் பழைய தையல் பக்கம் விடாமல் வலித்தால் அதையும் சொல்லுங்கள். ‘முன்பு சிசேரியன் ஆனவர், ரத்தம் குறைவு’ என்று போனிலேயே தெரிவித்துவிட வேண்டும்.