இரண்டு பலம் புண்ணாக்கு

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு தோட்டப் பிரசுரம் கிடைத்தது. ரோஜாவுக்கு இரண்டு பலம் புண்ணாக்கு என்கிறது. எவ்வளவு ஐயா?
- வாசகி, தண்டையார்பேட்டை

ஒரு பலம் சுமார் 35 கிராம். நாற்பது பலம் ஒரு வீசை, அதாவது 1.4 கிலோ. இரண்டு பலம் என்றது தரையில் வேரோடிய செடிக்கு. மொட்டைமாடித் தொட்டிக்குப் பாதி போதும், ஊறவைத்து ஊற்றுங்கள். கிலோ, கிராமுக்கான மெட்ரிக் சட்டம் 1956இல்தான் வந்தது. உங்களிடம் இருப்பது பழைய அளவுகள் புழங்கிய காலத்துத் தாள். தாள்களைத் தைத்த கம்பி துருப்பிடித்திருந்தால் மெல்லக் கழற்றிவிட்டு நூலால் தையுங்கள்.

அதே மாதிரி ஒரு புத்தகம் பி.எச்.சி. என்ற பூச்சிக்கொல்லிப் பொடியைத் தூவச் சொல்கிறதே?
- வாசகர், வியாசர்பாடி

வேண்டவே வேண்டாம். 1997இல் தடை செய்யப்பட்ட விஷம் அது. என்னிடமுள்ள பிரசுரத்தில் ஓர் அம்மா அதை மெல்லிய துணியில் முடிந்து, வெறுங்கையால் கத்திரிச்செடி மேல் உதறுகிறார். அழகான கோட்டோவியம், பார்க்கும்போதெல்லாம் மனம் பதறும். புகையிலைக் கஷாயமும் வேண்டாம். நிகோடின் நமக்கும் நஞ்சு. தக்காளி, மிளகாய்க்குப் புகையிலையின் தேமல் நோயும் தொற்றலாம். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் தெளியுங்கள்.

சாம்பல் போடலாமா?
- வாசகர், எண்ணூர்

பழைய ஆசிரியர்கள் சொன்னது விறகடுப்புச் சாம்பல். அதில் பொட்டாஷ் உண்டு. உங்கள் பக்கம் அனல்மின் நிலையத்திலிருந்து வருவது நிலக்கரிச் சாம்பல். ஆர்சனிக் போன்றவை இருக்கும். கீரைப் பாத்தியில் சேர்க்காதீர்கள். இலையில் படிந்ததையும் நன்றாகக் கழுவுங்கள்.

பழைய மருந்தில் இன்றும் பயன்படுவது எது?
- வாசகி, ராயபுரம்

போர்டோ கலவை. இலைப்புள்ளிக்கு நம்பகமானது, பிரான்சின் திராட்சைத் தோட்டங்களில் 1880களில் பிறந்தது. 10 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரிலும், 10 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரிலும் கரையுங்கள். பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரம்தான், இரும்பு கூடாது. துத்தநீரைச் சுண்ணாம்பில் மெல்ல ஊற்றிக் கிளறினால் வானநீலம் வரும். அப்புறம் பழைய பிரசுரக்காரர்களின் சோதனை, எனக்கு மிகவும் பிடித்தது: பளபளப்பான இரும்பாணியைக் கலவையில் சற்று நேரம் விட்டு எடுங்கள். செம்பு நிறம் ஏறியிருந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். ஆணி அப்படியே இருந்தால் வடிகட்டி, அன்றைக்கே தெளித்துவிடுங்கள்.