சிலம்படிப் பிள்ளைகளின் பெற்றோர் கேட்கிறார்கள்

சிலம்படியோ களரியோ கராத்தேயோ, எதைப் பழகப் போனாலும் பிள்ளை முதலில் கற்பது ஒரு வரிசையைத்தான், அதாவது மாறாத ஒழுங்கில் வரும் அசைவுகளை. அந்த வரிசை ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்கு எப்படிப் போகிறது, போகிற வழியில் எது தவறிப்போகிறது என்று திருகோணமலை வாசகர்கள் கேட்டிருந்தார்கள். இம்மாதம் அவர்களுக்கான பதில்கள்.

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. இரண்டு வருடமாகச் சிலம்படி பழகுகிறான். இன்றைக்கும் அதே அடிவரிசையைத்தான் திருப்பித் திருப்பிச் செய்கிறான். சண்டை பழக்குவதாகத் தெரியவில்லை. காலம் வீணாகிறதா? (வாசகி, சாம்பல்தீவு)

வரிசைக்குள்தான் சண்டை இருக்கிறது. அதை மகனுக்குப் பிரித்துக் காட்டுகிறார்களா என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

ஓர் எளிய துண்டை எடுத்துக்கொள்வோம். நான்கே எண்ணிக்கை. பிள்ளை இடது காலை முன்வைத்து, கம்பை வலப்பக்கம் பின்னால் ஏந்தி நிற்கிறான். ஒன்று: வலது காலை முன்னெடுத்து வைத்து, எதிராளியின் இடது காதுக்கு மேலே அடி. இரண்டு: அடித்த கம்பு நிற்காமல் இடப்பக்கமாக ஓட, அந்த ஓட்டத்தோடு இரண்டு முன்பாதங்களிலும் சுழன்று இடது புறமாகப் பின்னே திரும்புகிறான். கம்பு இடுப்பு உயரத்தில் சுற்றி வருவதால் பின்னால் நிற்பவன் கிட்ட வரமுடியாது. மூன்று: இப்போது முன்னே இருக்கிற இடது காலைப் பின்னுக்கு இழுத்தபடி, இடப்பக்கமிருந்து எதிராளியின் முழங்காலுக்குக் கீழே தாழ்ந்த அடி. நான்கு: இரண்டு கைகளாலும் கம்பைக் குறுக்காகத் தலைக்கு மேலே தூக்கித் தடுப்பு.

மூன்றில் ஏன் கால் பின்னே போகிறது? காலுக்கு அடிப்பவனின் தலை தாழ்ந்து வெறுமையாகிவிடும், ஆகவே அடிக்கும்போதே எட்ட விலகுகிறான். நான்கில் தடுப்பு ஏன் மேலே வருகிறது? அந்த வெறுமையான தலைக்குத்தான் எதிராளி அடிப்பான். இதை ஒரு பக்கம் எழுதி விளக்குவதைவிட இந்த ஒழுங்கில் நூறு தரம் செய்ய வைத்தால் உடம்பு மறக்காது. தாழ்ந்து அடித்தால் தலையை மூடு என்ற பாடம், அதைக் கண்டுபிடித்தவரின் பெயர் மறைந்து எத்தனையோ காலத்தின் பின்னும் உங்கள் மகனின் கைக்கு வந்து சேர்வது இப்படித்தான்.

பிழைக்கிற இடங்களும் இதே நான்கில்தான் இருக்கின்றன. ஒன்றில் அடித்ததும் படம் எடுக்க நிற்பவனைப்போலக் கம்பை நிறுத்திவிட்டால், திரும்பும்போது பின்பக்கத்தை மூடக் கம்பு இல்லை. மேடைக்குப் பழகிய பிள்ளைகளிடம் இதை அதிகம் காணலாம், கைதட்டு அந்த இடத்தில்தான் வரும். இரண்டில் குதிக்காலில் பாரம் போட்டுத் திரும்பினால் முழங்கால் முறுகும். கடற்கரை மணலில் இது இன்னும் மோசம். குதிக்கால் புதைந்துவிடும், உடம்பு மட்டும் திரும்பும். முழங்காலும் பெருவிரலும் எப்போதும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். நான்கில் கம்பு நெற்றிக்கு நேரே நின்றால் அடி விரல்களில் விழும். உச்சிக்கு மேல் ஒரு சாண் உயர வேண்டும்.

ஒரு துண்டை வலப்பக்கம் 10 தரமும் இடப்பக்கம் 10 தரமும் மெதுவாகச் செய்த பிறகு, அதே துண்டை எதிராளியோடு செய்ய வேண்டும். எதிராளி ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் உரிய அடியைக் கால்வாசி வேகத்தில் கொண்டுவருவார். தலைக்கவசம் கட்டாயம். இரண்டு வருடத்தில் ஒருமுறையேனும் அப்படி எதிரே ஒருவரை நிறுத்திப் பழக்கவில்லை என்றால் ஆசானிடம் மரியாதையோடு கேளுங்கள். “இந்த அடி யாருக்கு, எங்கே படும்?” என்று மகனே கேட்டால் இன்னும் நல்லது. நல்ல ஆசான் அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருப்பார்.

கேள்வி: எங்கள் ஆசானுக்கு 70 வயது தாண்டிவிட்டது. அவர் வைத்திருக்கும் வரிசைகளைக் கைத்தொலைபேசியில் எடுத்து வைக்க நினைக்கிறோம். எப்படி எடுத்தால் பின்னாளில் பயன்படும்? (இளைஞர்கள் சிலர், மூதூர்)

தாமதிக்காதீர்கள். முதலில் அவரிடம் அனுமதி கேளுங்கள். எதை வெளியே காட்டலாம், எது மாணவர்களுக்குள் மட்டும் இருக்க வேண்டும் என்று அவர் சொல்வதை அப்படியே மதியுங்கள். சில அடிகளை அவர் காட்ட மறுத்தால் வற்புறுத்த வேண்டாம்.

காலை வேளையே நல்லது, காற்றுக் குறைவு. எடுப்பவர் வெயில் வரும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். கம்பும் கையும் சேர்ந்தால் 7, 8 அடி வட்டம் வேண்டும், தொலைபேசி அவரிடமிருந்து 15 அடியாவது தள்ளி இருக்கட்டும். இடுப்பு உயரத்தில், தாங்கியில் வையுங்கள். கையில் பிடித்து எடுத்தால் அசைவு யாருடையது என்றே தெரியாது. செக்கனுக்கு 60 படங்கள் என்ற அமைப்பில் எடுங்கள், 30இல் கம்பின் நுனி வெறும் மங்கலாகத்தான் விழும். சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டச் சொல்லுங்கள், முழங்கால் மறைந்தால் பாதிப் பாடம் போய்விடும். நிலத்தில் கோலமாவால் ஒரு சிலுவைக் கோடு போட்டு, ஒவ்வோர் அடிக்கும் ஒரு குறி வையுங்கள். கால் எவ்வளவு தூரம் போகிறது, எந்தக் கோணத்தில் விழுகிறது என்பது பிறகு அளக்கக்கூடியதாக இருக்கும்.

ஒவ்வொரு வரிசையையும் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் எடுக்க வேண்டும். பழகப்போகிறவருக்கு உதவுவது பின்னாலிருந்து எடுத்ததுதான், அதில் அவருடைய வலது உங்கள் வலதாகவே இருக்கும். அவரால் முழு வேகத்தில் செய்ய முடியாவிட்டால் கவலை இல்லை. மெதுவாகச் செய்யட்டும், மூத்த மாணவர் ஒருவர் வேகமாகச் செய்யட்டும். இன்னொரு தொலைபேசியை ஒலிப்பதிவுக்காக அவர் சட்டைப் பையில் போட்டுவிடுங்கள். 15 அடி தள்ளி இருக்கும் கருவிக்கு அவர் வாய்க்குள் சொல்கிற எண்ணிக்கையும் மூச்சும் கேட்காது.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஒரு மாணவனைத் தெரிந்தே பிழையாகச் செய்ய வைத்து, ஆசான் அவனைத் திருத்துவதை எடுங்கள். தானாகச் செய்துகாட்டும்போது அவருக்குச் சொல்லத் தோன்றாதவை எல்லாம் அப்போதுதான் வாயில் வரும்: “முழங்கையை விலாவோடு வை”, “தோளைப் போடாதே, நுனி நிலத்தில் முட்டும்”, “கால் வைத்த பிறகு கம்பு”. கம்பின் நுனி மணலைக் கிளறுவதற்குக் காரணம் மணிக்கட்டு அல்ல, தாழ்ந்த தோள் என்பதை ஒரு வரிசையைப் பார்த்து யாரும் அறிய முடியாது.

படத்தோடு ஒரு கொப்பியும் வேண்டும். எண்ணிக்கை, எந்தக் கால், எந்தத் திசை, கையின் பிடி, கம்பின் எந்த முனை, எங்கே படுகிறது, ஆசான் சொன்ன சொல் என ஏழு நிரல். திசையைக் “கடற்பக்கம்”, “றோட்டுப் பக்கம்” என்று எழுதாதீர்கள், வேறு வளவுக்குப் போனதும் குழப்பம் வரும். தொடங்கும்போது முகம் பார்க்கும் பக்கத்தை “முன்” என்று வைத்து மற்றவற்றை எழுதுங்கள். ஆசானின் சொல்லை மட்டும் அழகுபடுத்தித் திருத்த வேண்டாம், அவர் வாயில் வந்தபடியே எழுதுங்கள். இரண்டு பிரதிகள் இரண்டு வீடுகளில் இருக்கட்டும்.

கேள்வி: ஒரே மாஸ்டரிடம் பழகிய இரண்டு பேர் இப்போது தனித்தனியே பழக்குகிறார்கள். ஒரே வரிசை, ஆனால் இருவரும் வேறு விதமாகச் செய்கிறார்கள். யார் செய்வது சரி? (வாசகர், உப்புவெளி)

இரண்டுமே சரியாக இருக்கலாம். மாஸ்டர் 40 வயதில் பழக்கியபோது தாழ்ந்த நிலை, 65இல் முழங்கால் நோவுடன் பழக்கியபோது உயர்ந்த நிலை. இரு மாணவர்களும் தாங்கள் கண்டதைத்தான் காப்பாற்றுகிறார்கள். உயரமானவனுக்கும் கட்டையானவனுக்கும் ஒரே அடியைச் சற்று மாற்றிக் கொடுப்பதும் நல்ல ஆசானின் வழக்கம். இன்னொரு காரணம் மிகச் சாதாரணமானது: ஆசானுக்கு எதிரே நின்று பழகிய பிள்ளை அவருடைய வலதைத் தன் இடதாக எடுத்துக்கொள்வான். ஒருவருடைய வரிசை மற்றவருடையதற்குக் கண்ணாடிப் படம்போல இருந்தால் நடந்தது இதுதான்.

சோதிக்க வழி இருக்கிறது. மாறுபடும் அந்த எண்ணிக்கைக்கு எதிராளி ஒருவரை நிறுத்தி, இரண்டு விதமாகவும் மெதுவாகச் செய்து பாருங்கள். கம்பு எட்டுகிறதா, செய்பவரின் தலையும் விரலும் மூடியிருக்கின்றனவா, அடுத்த அடிக்குக் கால் ஆயத்தமாக நிற்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது உயிருள்ள மாற்றம். அடி எங்கேயும் படாமல் வெளியே சுழன்று போனால் அது மேடைக்காகச் சேர்ந்தது. மேடைச் சிலம்படியை நாங்கள் குறைவாகச் சொல்லவில்லை, ஆனால் இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் பிந்தி வருகிறவர்களுக்கு எது எது என்று தெரியாமல் போகும்.

கராத்தேயில் இதற்கு எழுத்திலேயே சான்று உண்டு. யப்பானின் தெற்கேயுள்ள ஒக்கினாவாத் தீவில் இத்தோசு அன்கோ என்ற ஆசான் 1900களின் தொடக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காகப் பினான் என்ற ஐந்து வரிசைகளை அமைத்தார். அவரிடம் பழகிய ஃபுனகோஷி கிச்சின் அவற்றை யப்பானின் பெருநிலத்துக்குக் கொண்டுபோய் ஹெயன் என்று பெயரிட்டு, முதலாவதையும் இரண்டாவதையும் இடம் மாற்றிவிட்டார். இரண்டாவதுதான் தொடங்குபவர்களுக்கு எளிது. இன்று ஷோட்டோக்கான் என்ற ஃபுனகோஷியின் பிரிவில் பழகும் பிள்ளை “முதலாவது” என்று செய்வது, பழைய பெயரை வைத்திருக்கும் பிரிவுகளில் இரண்டாவது. யாரும் பிழை செய்யவில்லை, மாற்றியதற்குக் காரணமும் இருக்கிறது.

அதே இத்தோசு 1908இல் கராத்தே பற்றிப் பத்து அறிவுரைகள் எழுதினார். ஒவ்வோர் உத்தியையும் பலமுறை பழகு, அதன் பொருளையும் எப்போது பயன்படுத்துவது என்பதையும் அறிந்து பழகு என்றவர், வாய்மொழியாக மட்டும் வருபவை பல உண்டு என்பதையும் அங்கேயே எழுதி வைத்தார். வரிசையைப் பள்ளிக்கூடம் வரை கொண்டுபோனவரே சொன்னது இது.

கேள்வி: கேரளக் களரியில் ஆசான் செய்துகாட்டாமல் வாயால் சொல்லிக்கொண்டே போகிறார், பிள்ளைகள் செய்கிறார்கள். பார்க்காமல் எப்படிக் கற்பது? (ஆசிரியை, தம்பலகாமம்)

அந்தச் சொற்தொடருக்கு வாய்த்தாரி என்று பெயர். பிள்ளைகள் அசைவை முதலில் பார்த்துத்தான் பழகுகிறார்கள். பிறகு வாய்த்தாரி அந்த அசைவுகளை ஒழுங்கு தவறாமல் இழுத்துக்கொண்டு போகிறது. பாட்டின் நடுவரியை விட்டுவிட்டால் காது கண்டுபிடிப்பதுபோல, ஓர் அடியை விட்டுவிட்டால் சொல் இடறும். ஆசானுக்கு இன்னொரு வசதி: தான் ஆடவேண்டியதில்லை, கண் முழுக்கப் பிள்ளைகள் மேலே இருக்கும். உடல் தளர்ந்த ஆசானும் பழக்கலாம்.

வடிவுகள் எனப்படும் உடல் நிலைகளின் பெயர்களும் அப்படித்தான். யானை, சிங்கம், பன்றி, மயில் என்று சொல்லும்போது பாரம் எங்கே, பார்வை எங்கே, எந்த உயரத்திலிருந்து பாய்ச்சல் என்பதெல்லாம் ஒரு சொல்லுக்குள் வந்துவிடுகிறது. களரியின் இடம்கூட மாறாத அளவில் இருக்கும்: வழக்கமான களரி 42 அடி நீளம், 21 அடி அகலம், நிலமட்டத்துக்குக் கீழே தோண்டியது, வாசல் கிழக்கே, தென்மேற்கு மூலையில் ஏழு படிகளுடன் பூத்தறை என்ற வழிபாட்டு மேடை. இடம் ஒன்றாக இருப்பதால் திசைச் சொல்லும் ஒன்றாகவே இருக்கிறது.

பிள்ளைகள் சொல்லைப் பாட்டாக்கி ஓடிவிடுவார்கள் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. அதற்கு ஆசான் நடுவிலே சொல்லை நிறுத்தி, அந்த நிலையிலேயே பத்து எண்ணும்வரை நிற்க வைக்க வேண்டும். நிலை பிழையென்றால் தொடை நடுங்கும். உங்கள் வகுப்பறையில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போதும் இதைச் செய்து பார்க்கலாம்.

கேள்வி: காணொளியை மட்டும் பார்த்துச் சிலம்படி பழகலாமா? (மாணவன், கிண்ணியா)

ஏற்கெனவே தெரிந்த வரிசையை மறக்காமலிருக்க உதவும், புதிதாகப் பழக உதவாது. பிடி எவ்வளவு இறுக்கம் என்பது படத்தில் தெரியாது. சுழற்றும்போது தளர்ந்தும் படும் கணத்தில் இறுகியும் இருக்க வேண்டிய கை, காணொளியில் இரண்டு நேரமும் ஒன்றுபோலத்தான் தெரியும். எதிரே வரும் கம்பின் பாரத்தையும் திரை தராது.

கேள்வி: 9 வயது மகளுக்கு என்ன கம்பு வாங்குவது? மாரி காலத்தில் கம்பு வெடிக்கிறது, பூச்சியும் அரிக்கிறது. (பெற்றோர், நிலாவெளி)

நிலத்தில் ஊன்றினால் அவளுடைய புருவத்துக்கு வரவேண்டும். வளர வளர மாற்ற வேண்டும், பெரியவர்களின் ஐந்தரை அடிக் கம்பை இப்போதே கொடுத்தால் தோளைத் தாழ்த்திச் சுழற்றும் பழக்கம் வந்துவிடும். அவளுடைய பெருவிரலும் நடுவிரலும் கம்பைச் சுற்றி ஒன்றையொன்று தொட வேண்டும். பிள்ளைகளுக்குப் பிரம்பு நல்லது, வளையும், பட்டாலும் மூங்கிலைப்போலச் சிராய் எழும்பாது.

மூங்கிலைப் பூச்சி அரிப்பது உள்ளே இருக்கும் மாச்சத்துக்காக. முற்றிய மூங்கிலை வெட்டி இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் அமிழ்த்தி வைத்தால் அது கரைந்து போகும். பிறகு நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் வெளிப்பக்கம் முந்திக் காய்ந்து சுருங்கி வெடிக்கும். நல்லெண்ணெயோ வேப்பெண்ணெயோ துணியில் தொட்டு மாதம் ஒருமுறை பூசுங்கள், மாரியில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. பூசிய அன்று பழக வேண்டாம், வழுக்கும். கடற்கரையில் பழகிவிட்டு வந்தால் உப்பை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, கம்பைச் சுவரில் சாய்க்காமல் படுக்கையாக இரண்டு ஆணிகளில் வையுங்கள். சாய்த்து வைத்த கம்பு வளையும். பழகப் போகுமுன் ஒவ்வொரு முறையும் துணியால் உருவிப் பார்க்கச் சொல்லுங்கள். துணி எங்கேயாவது சிக்கினால் அங்கே வெடிப்பு இருக்கிறது, அந்தக் கம்பு அன்றைக்கு வேண்டாம்.