யோபுவின் முதல் அதிகாரத்தோடு நிறுத்திவிடுகிறோம்

அன்புள்ள ஐயா,

போன வருஷம் என் மூத்த மகன் விபத்தில் போய்விட்டான். அடக்க ஆராதனையிலும் சரி, அப்புறம் வீட்டுக்கு வந்தவர்களும் சரி, "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்றே சொன்னார்கள். ஒருநாள் ஜெபக்கூட்டத்தில் "ஏன் எடுத்தார்?" என்று கேட்டுவிட்டேன். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் முறுமுறுத்துத்தான் அழிந்தார்கள் என்று ஒரு பெரியவர் கண்டித்தார். இன்னொரு பிள்ளை இருக்கிறானே, அவனைப் பார்த்துத் தேற்றிக்கொள் என்கிறார்கள். இப்போது ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை. நான் கேட்டது அவிசுவாசமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரி,

இல்லை. அவிசுவாசம் இல்லவே இல்லை.

உங்களிடம் எல்லாரும் சொன்ன அந்த வசனம் வேதாகமத்தின் யோபு புத்தகத்தில் 1:21. பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் இழந்த தகப்பன் தன் வாயால் சொன்னது அது. யோபு புத்தகம் முழுவதும் தேடினாலும், வேறொருவர் வந்து அதை அவரிடம் சொன்னதாக ஒரு வரி கிடைக்காது. துக்கத்தில் இருப்பவர் தானாகச் சொன்னால் அது விசுவாச அறிக்கை. அதையே துக்க வீட்டுக்குப் போகிற நாம் சொல்லும்போது, பெரும்பாலும் அழுகிறவர் வாயை அடைக்கத்தான் அது உதவுகிறது.

அப்புறம், புத்தகம் அந்த வசனத்தோடு முடியவில்லை. மொத்தம் 42 அதிகாரம். மூன்றாம் அதிகாரத்திலேயே யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். ஏழாம் அதிகாரத்தில் "நான் என் வாயை அடக்கமாட்டேன்" என்கிறார். எச்சில் விழுங்குகிற நேரமாவது என்னை விடமாட்டீரா என்று கடவுளைப் பார்த்தே கேட்கிறார். நீங்கள் ஜெபக்கூட்டத்தில் கேட்டது இதில் பாதிகூட இல்லை.

சிநேகிதர் மூன்று பேர் வந்தார்கள். ஏழு நாள், இரவும் பகலும், அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் உருப்படியான காரியம் அது ஒன்றுதான். யோபு பேசத் தொடங்கியதும் அவர்களும் தொடங்கிவிட்டார்கள். "உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதற்கான பலன் வந்தது" என்கிற அர்த்தத்தில், பெற்ற தகப்பனிடமே பேசுகிறார் அந்த மூவரில் ஒருவரான பில்தாத். கடவுளுக்காக வழக்காடுகிறோம் என்ற நினைப்பு அவர்களுக்கு. கடைசியில் கடவுள் கோபித்தது அவர்கள் மேல்தான். என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக் குறித்துப் பேசவில்லை என்கிறார். மூவரும் ஏழு காளைகளையும் ஏழு ஆட்டுக்கடாக்களையும் கொண்டுபோய்ப் பலியிட வேண்டும், யோபு அவர்களுக்காக வேண்டுதல் செய்ய வேண்டும் என்பது கட்டளை.

இஸ்ரவேலர் முறுமுறுத்ததையும் சொல்லிவிடுகிறேன். உபாகமம் முதல் அதிகாரத்தைப் பாருங்கள். கர்த்தர் நம்மை வெறுக்கிறார், அழிப்பதற்கே எகிப்திலிருந்து கொண்டுவந்தார் என்று கூடாரங்களுக்குள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். எகிப்துக்கே திரும்பிவிடலாம், வேறு தலைவனை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள் என்கிறது எண்ணாகமம் 14. யோபு எங்கேயும் திரும்பிப் போகவில்லை. கடவுளோடு வழக்கிருந்ததால் கடவுளிடமே போனார். நம்பிக்கை இல்லாதவன் வழக்கை அங்கே கொண்டுபோவானா? "கொடுமை என்று கூப்பிடுகிறேன், கேட்பார் ஒருவரும் இல்லை" என்று அவர் சொல்வது பத்தொன்பதாம் அதிகாரம். "என் மீட்பர் உயிரோடிருக்கிறார்" என்பதும் அதே அதிகாரம்தான். கல்லறைகளில் பொறிக்கிறோமே, அந்த வசனம்.

யோபுவுக்கு ஏன் என்பதற்குப் பதில் கிடைக்கவே இல்லை. பெருங்காற்றிலிருந்து பேசிய கடவுள், வரையாடு ஈனும் காலம் உனக்குத் தெரியுமா என்று கேட்டார். பிள்ளைகள் ஏன் போனார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் வந்தார், பேசினார். ஆகவே உங்களுக்கும் என்னிடம் ஒரு காரணம் இல்லை. இருப்பதாகச் சொன்னால் நானும் பில்தாத்தாகிவிடுவேன்.

"இன்னொரு பிள்ளை இருக்கிறானே" என்றவர்களுக்குக் கடைசி அதிகாரத்தைக் காட்டலாம். 7,000 ஆடு 14,000 ஆகிறது. 3,000 ஒட்டகம் 6,000 ஆகிறது. பிள்ளைகள் மட்டும் இரட்டிப்பாகவில்லை, மறுபடியும் பத்துப் பேர்தான். போன பத்துப் பேரும் யோபுவின் பிள்ளைகள்தான், அவர்களும் கணக்கில் இருக்கிறார்கள் என்றே நான் இதை வாசிக்கிறேன். இன்னொன்றும் உண்டு. இழந்தது திரும்பியது என்று சொன்ன அடுத்த வசனத்தில்தான் உறவினர்கள் வந்து அவரோடு சாப்பிட்டு, துக்கம் கொண்டாடி, ஆறுதல் சொல்கிறார்கள். எல்லாம் திரும்பிய பிறகும் அந்த வீட்டில் ஆறுதல் தேவைப்பட்டிருக்கிறது.

ஜெபம் வரவில்லை என்கிறீர்கள். 88ஆம் சங்கீதத்தை எடுத்துச் சத்தமாக வாசியுங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும்; இது திரும்பாது. சிநேகிதரையும் தூரமாக விலக்கினீர் என்பதோடு நின்றுவிடுகிறது. கோராகின் புத்திரரின் (ஆலயப் பாடகர் குடும்பத்தாரின்) பாட்டு, இராகத் தலைவனுக்கு ஒப்புவிக்கப்பட்டது என்று தலைப்பிலேயே இருக்கிறது. பலர் கூடிப் பாடிய பாட்டு அது. கொஞ்ச நாளைக்கு உங்கள் ஜெபமாக அதுவே இருக்கட்டும்.